ஆறு மீட்டருக்குக் கீழே

சுமலதா கூட்டலும் கழித்தலும் பழகியது மைனஸ் இருபதுகளின் முதுகில்.

அவளுடைய அப்பா சந்திரமோகன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏற்றுமதி இறால் வைக்கும் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் மெஷின் ஆபரேட்டர். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு குளிர் அறையின் டயலையும் பார்த்து, அது காட்டும் எண்ணை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காலத்தில் வருடம் முடிந்தால் பழைய லாக் புக் எடைக்குப் போய்விடும். போகும் முன் கிழியாத தாள்களைப் பிரித்தெடுத்து, ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் நீல மையில் வரிசையாக மைனஸ் இருபது, மைனஸ் இருபது, மைனஸ் இருபது. மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் மகளின் வீட்டுக் கணக்கு.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னா நைனா இது, காலையிலயும் இருபது, மத்தியானமும் இருபது. உங்க கம்பெனியில வெயிலே அடிக்காதா?”

“மிஷினு ஒழுங்கா ஓடுச்சின்னா ஒரே நம்பருதான்மா வரும்.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. நெல் விலை ஏறும், இறங்கும். ஆரணியாற்றில் ஒரு வருடம் வெள்ளம் வரும், மறுவருடம் மணல்தான் இருக்கும். அம்மா கெங்கம்மாளின் கோபம் அரைமணிக்கு ஒரு நிறம். நைனாவின் நீல எண் மட்டும் அசையாது.

ஏழாம் வகுப்பு விடுமுறையில் அவர் அவளைக் கம்பெனிக்கு அழைத்துப்போனார். தம்முடைய தடித்த கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டார். கை முழங்காலுக்குத் தொங்கியது. குளிர் அறைக்குள் போனதும் அவள் இறாலைப் பார்க்கவில்லை, குழாய்களைப் பார்த்தாள். ஒரு குழாயில் பனி மாவு போலப் படிந்திருந்தது. அடுத்த குழாயில் ஊசி ஊசியாக நின்றது.

“ஏன் நைனா அது ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி?”

“அது அப்டித்தான் பூத்துக்கும். சொரண்டிப் போட்டுடுவோம்.”

இரண்டையும் இரண்டு கையில் எடுத்து, வெளியே வந்து எது முதலில் கரைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணத்தில் அவள் தலையெழுத்து எழுதப்பட்டது என்று சொன்னால் சொல்லலாம். அன்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கை மரத்துப்போனது மட்டும்தான்.

மெக்கானிக்கல் படித்தாள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் அதே சிப்காட்டில், ஏசிக்குத் தகரக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அப்புறம் மேல்படிப்பு. அங்கே ஒரு பேராசிரியர், இமயமலையில் பனி எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்க ஆள் வேண்டும் என்றார். வகுப்பில் பத்தொன்பது பேர் சும்மா இருந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்காரி கை தூக்கினாள். அந்தத் தூக்கிய கைதான் அவளை முனைவர் பட்டத்துக்கும், கோவாவில் இருக்கும் துருவ ஆய்வு மையத்துக்கும், கடைசியில் அண்டார்டிகாவுக்கும் கொண்டுபோனது.

முதல் பயண உத்தரவு வந்த அன்று கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அங்க இன்னாடி கீது?”

“பனி.”

“அப்புறம்?”

“பனிதாம்மா.”

“இதுக்கா இவ்ளோ படிச்ச? உங்க நைனா கம்பெனில கதவத் தொறந்தா பனி. பஸ்ஸுக்கு இருவது ரூவா. கரடி கிரடி கடிச்சா யாரு கேக்கறது?”

“அங்க கரடி கிடையாது. பென்குயின்தான்.”

“நல்லவனா இருந்தா அதையாவது கட்டிக்கினு வா. முப்பது ஆவப் போவுது உனக்கு.”

சந்திரமோகன் தம்முடைய பழைய கோட்டைத் துவைத்துக் காயப்போட்டார். அது அங்கே எதற்கும் ஆகாது என்று தெரிந்தும் சுமலதா அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

பனிக்கண்டத்தில் அவள் வேலை பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மண்வெட்டியால் குழி வெட்டுவாள். நீளமான துளைக்கருவியால் பனியை உருளை உருளையாக வெளியே எடுப்பாள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து அந்த உருளைகளை இடுக்கியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவாள். உடைவதற்கு முன் பனி ஒரு சின்னச் சத்தம் போடும், அப்பளத்தின் ஓரத்தை நகத்தால் கீறுவது போல. அந்தச் சத்தம் எந்த எடையில் வருகிறது என்று குறித்துக்கொள்வாள். மணி மணியான பனித்துகள்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, எவ்வளவு காலம் நிற்கும், அவற்றின் தலையில் நாம் கட்டடம் கட்டலாமா? இந்த மூன்று கேள்விகளுக்குப் பின்னால் பத்து வருடம் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் செயற்கைக்கோள் போனில் இரண்டு நிமிடம் கிடைக்கும். அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்.

“இன்னிக்கி எவ்ளோ?”

“மைனஸ் பதினெட்டு நைனா.”

“அப்ப எங்க ரூமு உங்க ஊர வுட ஜில்லு,” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

ஆறு வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டிகள் வந்தன.

அண்டார்டிகாவில் புதிதாக ஒரு தங்குமிடம் கட்ட மையம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. தூண்கள் பனிக்குள் பத்து மீட்டர் இறங்க வேண்டும். அந்தப் பத்து மீட்டரும் தாங்குமா என்று சொல்ல வேண்டியவள் சுமலதா. துளையிட்டு எடுத்த உருளையை அரை மீட்டர் துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு பெட்டியாக இருபது பெட்டிகளில் அடைத்து, மேலிருந்து கீழாக எண் போட்டு அனுப்பினாள். கேப்டவுனில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்துவிட்டு, ஒரு குளிர் கண்டெய்னரில் ஏறி அவை காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது அக்டோபர் மாதம், வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள் ஆயுத பூஜை, செவ்வாய் விஜயதசமி. கோவா வரை போகிற குளிர்சாதன லாரி எதுவும் புதன்கிழமைக்கு முன் கிடைக்காது.

ஐந்து நாள் எங்கே வைப்பது என்று மையத்தில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். சுமலதாவுக்கு மட்டும் கவலையே இல்லை. துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் நைனாவின் கோல்டு ஸ்டோரேஜ். முதலாளியும் சம்மதித்தார். இறால் அறையில் பன்னிரண்டு பெட்டிகளுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை அங்கே போயின. மீதி எட்டும் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள்.

கண்டெய்னரோடு வந்த வெப்பப் பதிவுக் கருவிகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவள் பையில் மையத்துக்குச் சொந்தமான இரண்டு கருவிகள் இருந்தன. தீப்பெட்டி அளவுதான். பெட்டிக்குள் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். கையில் எடுத்தாள். எதிரே அப்பா லாக் புக்கில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிற்கும் இடத்தில் இதைப் போடுவது அவரை வேவு பார்ப்பது போலத் தோன்றியது. திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாள். ஞாயிறு அன்று கோவாவுக்கு விமானம் ஏறினாள்.

பெட்டிகள் புதனன்று லாரி ஏறின. கூடவே அப்பா அனுப்பிய லாக் பக்கங்களின் நகல். ஐந்து நாளும், எல்லா மணியும், மைனஸ் இருபது.

மறுவருடம் சுமலதா தன் பெயரை நிலைநாட்டிய கட்டுரையை எழுதினாள். அந்த இடத்துப் பனி மேலே ஆறு மீட்டர் வரை கல் போல உறுதி. ஆறு மீட்டருக்குக் கீழே திடீரென்று மணிகள் பருத்து, ஒன்றையொன்று பிடித்த பிடி தளர்ந்து, சொன்ன பாரத்தில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. எந்தக் காலத்திலோ வந்த ஒரு வெப்பமான கோடை இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினாள். கருத்தரங்குகளில் அதற்குச் சுமலதா அடுக்கு என்றே பெயர் வந்துவிட்டது. தங்குமிடத்தை நாலு கிலோமீட்டர் தள்ளிக் கட்டலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. தள்ளிப்போகும் இடத்துக்குப் பாதை கொஞ்சம் மோசம். பனிப் பிளவுகள் கிடக்கும் ஒரு சரிவைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போக வேண்டும். ஆனாலும் காலுக்கு அடியில் உறுதி வேண்டுமே.

போன கோடையில் மையத்தின் இளம் ஆய்வாளர் பூமிகா அதே இடத்தில் மறுபடி துளை போட்டாள். பத்து மீட்டரும் உறுதி என்றாள்.

சுமலதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உன் துளைக்கருவி பனியை நசுக்கிவிட்டது, நசுங்கிய பனி உறுதியாகத்தான் தெரியும் என்று கூட்டத்தில் எல்லோர் எதிரிலும் சொன்னாள். பூமிகா வாதாடவில்லை. நோட்டை மூடிக்கொண்டாள். அக்டோபர் பத்தாம் தேதி நிபுணர் குழு கூடி இடத்தை முடிவு செய்யும் என்று அறிவித்தார்கள். சுமலதாவின் சொல்தான் கடைசிச் சொல். அவளுடைய பதவி உயர்வும் அந்தக் கூட்டத்தை ஒட்டித்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் இந்த வருட ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்கு வந்தாள். வரும் மார்ச்சில் அப்பா ஓய்வு பெறுகிறார். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர். முதலாளி பெரிய விழா எடுக்கப்போவதாகப் பேச்சு. “என் கடைசி பூஜ, நீயும் வந்துடு,” என்று போனில் கேட்டிருந்தார்.

மாலை நாலு மணிக்குக் கம்பெனி வாசலில் வாழைக்கன்று, மாவிலை. லாரிகளுக்குக்கூட மாலை. உள்ளே பெரிய கம்ப்ரஸர்கள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தன. இறால் இருக்கும்போது அவற்றை நிறுத்த முடியாது. கடைசியில், தனியாக, ஒரு சின்ன கம்ப்ரஸர். அதற்கு மட்டும் முழு மாலை, பக்கத்தில் பொரி, கடலை, வெட்டிய ஆப்பிள். அது ஓடவில்லை. அதன் அறைக்கதவு திறந்திருக்க, வாசலில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுமலதா பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் குணாவைக் கேட்டாள். “இது இன்னா ரிப்பேரா?”

“ரிப்பேரு இல்லக்கா, லீவு,” என்றான் குணா. “பெரிய மிஷினுக்கெல்லாம் லீவு வுட முடியாதில்ல. அதுங்களுக்குப் பதிலா இது ஒண்ணு படுத்துக்கும். நாளைக்கு காலைல நல்ல நேரம் பாத்து எழுப்புவோம். நம்ம கம்பெனி வழக்கம், உங்க நைனா ஆரம்பிச்சதுதான். எனக்குத்தான் வருஷத்துக்கு ஒரு நாளும் படுக்க குடுப்பன இல்ல.”

“வருஷா வருஷம் நிறுத்துவீங்களா?”

“நான் வந்து பதினோரு வருஷம் ஆவுது. ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல.”

அது எந்த அறை என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. எட்டுப் பெட்டிகளையும் தன் கையாலேயே அதற்குள் அடுக்கியவள் அவள்தான். பதின்மூன்றாம் பெட்டியிலிருந்து. பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு அரை மீட்டர், ஆறு மீட்டர். அவளுடைய புகழ்பெற்ற அடுக்கு தொடங்கிய இடமும், இறால் அறையில் இடம் தீர்ந்துபோன இடமும் ஒன்றே.

பூசணிக்காய் உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பூஜை முடிந்து, சந்திரமோகன் பொரிப் பொட்டலத்தோடு பின்கட்டுக்கு வந்தபோது, காலி இறால் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

“நைனா, ஒண்ணு கேக்கறேன். கோவப்படாத.”

“கேளு.”

“என் பெட்டிங்க இருந்த வருஷம். அப்பவும் சின்ன மிஷின நிறுத்துனியா?”

அவர் பொரியை வாயில் போட்டு மென்றார். “நிறுத்தனேன்.”

“எத்தினி மணி நேரம்?”

“நாலு மணிக்கு பூஜ. மறுநாளு காலைல ஒன்பதுக்குப் போட்டேன். கதவ அர மணி நேரந்தான் தொறந்து வெச்சேன், வெளக்குக்கு. உன் சாமான் உள்ள கீதேன்னு சீக்கிரமே மூடிட்டேன்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா? ஒண்ணும் ஆவலயே. காலைல ஒவ்வொரு பெட்டியா தொட்டுப் பாத்தேன். ஒரு சொட்டுத் தண்ணி உழல.”

“டயல்ல எவ்ளோ இருந்துச்சு?”

அவர் பொட்டலத்தின் வாயை மடித்தார்.  

“மைனஸ் நாலு.”

“லாக்ல இருவதுன்னு எழுதியிருந்தியே.”

“ஊசி கொஞ்சம் அப்டி இப்டி ஆடும் சுமா. அதையெல்லாம் எழுதனா ஆடிட்டுக்கு வர்றவன் நூறு கேள்வி கேப்பான். எறாலு கெட்டுப்போற அளவுக்கு ஏறலன்னா இருவதுன்னு எழுதறதுதான். எனக்கு முன்ன இருந்தவரும் அப்டித்தான் எழுதனாரு. ஐஸு ஐஸாத்தானே இருந்துச்சி?”

இறால் அறையில் ஆயுளைக் கழித்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே நிலைதான்: உருகியது, உருகாதது. இரண்டுக்கும் நடுவில் தன் மகளுடைய பிழைப்பு முழுவதும் இருக்கிறது என்பதை அவர் எப்படி அறிவார்? அவளும் ஒருநாளும் சொன்னதில்லையே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடத்தில் எவ்வளவு ஜில்லு என்று சொல்லிச் சிரித்ததோடு சரி.

சுமலதா பொட்டலத்தை வாங்கினாள். அடியில் தங்கியிருந்த பொட்டுக்கடலைத் தூளைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள். சின்ன உருண்டையாக நின்றது. அடுத்த கையில் பொரியை எடுத்து இறுக்கினாள். விரலைத் திறந்ததும் உதிர்ந்தது.

“பனி மொதல்ல இந்த மாவு மாதிரி நைனா. மைனஸ் இருவதுல அப்டியே கெடக்கும். மைனஸ் நாலுக்கு ஏறிட்டா உருகாது, ஆனா உள்ளுக்குள்ளயே ஒவ்வொரு மணியும் பெருசாவும். இந்தப் பொரி மாதிரி. அப்புறம் மறுபடி நீ இருவதுக்குக் கொண்டாந்தாலும் அது திரும்ப மாவாவாது.”

அவர் அந்த உதிர்ந்த பொரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீ எழுதனது?”

“தப்பு. அந்த எடத்துப் பனி நல்லாத்தான் கீது. நம்ம சின்ன ரூமுலதான் அது கெட்டுச்சி. அத நம்பி வேற எடத்துக்குப் போறாங்க. போற வழி சரியில்ல. ஆளுங்க வாழ்நாள் பூரா அந்த வழியில போய் வரணும்.”

“என்னால.”

“உன்னால இல்ல. என் பையில ரெண்டு கருவி இருந்துச்சி. போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீ இருக்கியேன்னு நான்தான் போடல.”

அவள் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கூட்டத்தில் பூமிகா நோட்டை மூடிக்கொண்ட கை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் கவரைப்பேட்டையில் வண்டியை நிறுத்தி, அப்பா வழக்கம்போல அம்மாவுக்குப் பூ வாங்கினார். கெங்கம்மாள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சியையும் கூலிங்ல வெச்சி எடுத்தாந்தீங்களா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்காததால் தட்டை எடுத்துவைத்துச் சோறு போட்டாள்.

சுமலதா மனதுக்குள் கடிதம் எழுதிப் பார்த்தாள். சேமிப்பின்போது ஏற்பட்ட வெப்ப மாறுதல் என்று பொதுவாக ஒரு வரி எழுதினால் போதும். எந்தக் கோல்டு ஸ்டோரேஜ், யார் கையெழுத்து என்பதெல்லாம் வராமலே பார்த்துக்கொள்ளலாம். அதைத்தான் காலையில் அப்பாவிடம் சொன்னாள்.

அவர் சவரம் முடித்து, விஜயதசமி விடுமுறை நாளில் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க ஆபீசுல, லாக்ல இருவதுன்னு போட்டுக் கையெழுத்து கீதே, அப்ப எது நிஜம்னு கேப்பாங்களா, மாட்டாங்களா?”

“கேப்பாங்க.”

“அப்ப நீ சொல்றத எத வெச்சி நம்புவாங்க?”

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

“வா, போலாம். மிஷின எழுப்பற நேரம்,” என்றார்.

ஒன்பது மணிக்குச் சின்ன கம்ப்ரஸரை ஓடவிட்டார். அப்புறம் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் ஜெனிபரின் மேஜைக்குப் போனார். பண்டிகை நாளிலும் ஏற்றுமதிக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்த ஜெனிபருக்கு அவர் வயதில் பாதிதான். லாக் புக்குகளை எட்டு வருடம் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம். அலமாரிச் சாவி அவளிடம்தான்.

“அண்ணே, ஆறு வருஷத்துக்கு முந்தின புக்கா? யாரு கேட்டாங்க அத?”

“எம் பொண்ணு கேட்டுச்சி.”

ஜெனிபர் எடுத்துக் கொடுத்தாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். சின்ன அறை, ஆயுத பூஜை, மாலை ஐந்து மணி முதல் மறுநாள் காலை ஒன்பது வரை. லாக் புக்கில் எண்ணை அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று காலையில் மொத்தமாக எழுதி நிரப்பிய பதினேழு மைனஸ் இருபதுகளின் மேலும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். பதினேழு கையெழுத்து. காலை ஒன்பது மணிக் கட்டத்தில் மட்டும் மைனஸ் நாலு என்று எழுதினார். மற்றவை அவருக்குத் தெரியாது, தெரியாததை எழுதவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அவர் தொடாத குறிப்பு என்ற கட்டத்தில், மெஷின் பூஜைக்காக நிறுத்தப்பட்டது, டயல் காட்டாததை எழுதியது நான், சந்திரமோகன் என்று தமிழில் எழுதினார்.

ஜெனிபர் படித்தாள். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணே, நான் இதப் பாத்துட்டேன். பாத்தப்புறம் மெமோ குடுக்காம இருக்க முடியாது.”

“குடும்மா. அதுக்குத்தான் சட்ட போட்டுக்கினு வந்தேன்.”

மெமோவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் சுமலதா கண்ணைத் துடைத்தாள். அவர் அதைப் பார்க்காதவர் போல, “அந்த எடத்த மாத்த மாட்டாங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்.

பத்தாம் தேதி கோவாவில் நிபுணர் குழு கூடியது. சுமலதா எழுந்து, படம் எதுவும் காட்டாமல், இரண்டு தாள்களை மேஜையில் வைத்தாள். ஒன்று பெட்டிகளின் பட்டியல். இன்னொன்று கோடு போட்ட அந்த லாக் பக்கத்தின் நகல். ஆறு மீட்டருக்குக் கீழே நான் கண்ட பலவீனம் அண்டார்டிகாவில் உண்டானது அல்ல, என் ஊரில், ஒரு பூஜை நாளில் உண்டானது என்றாள். பதிவுக் கருவிகள் என் பையில் இருந்தும் நான் வைக்கவில்லை, அது என் தவறு என்றாள். தாளில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று தலைவர் கேட்டார்.

“என் தகப்பனார்.”

 அவள் பூமிகாவின் பக்கம் திரும்பினாள். உங்கள் துளை சரி, நான் இந்த அறையில் உங்களைப் பற்றிச் சொன்னதை இந்த அறையிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

கட்டுரை வாபஸ் ஆனது. பதவி உயர்வு அந்த வருடம் இல்லை என்று ஆனது. தங்குமிடம் முதலில் குறித்த இடத்திலேயே எழும் என்று முடிவானது. வெளியே தேநீர் மேஜையில் பூமிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் துளைக்கருவியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடம். இரண்டு மாதமாக. என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்,” என்றாள் ஆங்கிலத்தில். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுமலதாவுக்கு அதிகம் வலித்தது.

“டிசம்பரில் நான் போகிறேன். இன்னொரு துளை போட வேண்டும், தூணுக்கு முன்னால். கூட வருகிறாயா?”

பூமிகா கோப்பையைக் கீழே வைத்தாள். “பெட்டிக்கு இரண்டு கருவி வைப்பீர்களா?”

“மூன்று,” என்றாள் சுமலதா.

டிசம்பரில் போனார்கள். பத்து மீட்டரும் உறுதி. பதின்மூன்றாம் துண்டை இடுக்கியில் வைத்து அழுத்தியபோது, அந்தச் சின்னச் சத்தம் வர வேண்டிய எடையில்தான் வந்தது.

கப்பல் திரும்புவதற்குள் மார்ச் முடிந்துவிட்டது. அப்பாவின் விழாவுக்கு அவளால் போக முடியவில்லை. மெமோ வாங்கியவருக்கு விழா எடுப்பதா என்று ஆபீசில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, பெரிய விழா சின்ன விழாவாகச் சுருங்கியதாம். ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். கெங்கம்மாளுக்கு அதில் ஏகக் கோபம். “பதினேழு கோடு போட்ட மனுசனுக்கு ஒரு மோதரம் போடக் கூடாதா?” என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேப்டவுனில் இறங்கியதும் சுமலதாவின் போனில் குணா அனுப்பிய ஒரு படம் வந்து விழுந்தது. லாக் புக்கில் அப்பாவின் கடைசி ஷிப்ட். பெரிதாக்கிப் பார்த்தாள். அதே நீல மை, அதே சாய்ந்த கையெழுத்து.

மைனஸ் பத்தொன்பது. மைனஸ் இருபத்தொன்று. மைனஸ் பதினெட்டு, குறிப்பு: கதவு பத்து நிமிடம் திறந்திருந்தது. மைனஸ் இருபது. மைனஸ் பத்தொன்பது.

துறைமுகத்துக் காற்றில் நின்றுகொண்டே அவள் அந்த எண்களை ஒன்று விடாமல் படித்தாள். அப்புறம் ஊருக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“இன்னிக்கி எவ்ளோ?” என்றார் சந்திரமோகன்.

“இங்க ப்ளஸ் பத்தொன்பது நைனா. பெட்டிக்கு மூணு கருவி போட்டு வெச்சிருக்கேன். எல்லாம் ஓடுது.”

“காட்டறத அப்டியே எழுதிக்கினே வா,” என்றார் அவர்.